விஆர், ஏஆர் எல்லார் வீட்டுக்கும் வருமா?

வடகரையான்:
கண்ணை மூடி வேறொரு உலகையே காட்டுவது விஆர், எதிரே தெரியும் காட்சியின் மேல் படமோ எழுத்தோ சேர்த்துக் காட்டுவது ஏஆர். இன்னும் சில ஆண்டுகளில் செல்போன் இடத்தை, தலையில் மாட்டும் விஆர் ஹெட்செட் பிடித்துவிடும் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஃபேஸ்புக் 2014-இல் ஆக்குலஸ் என்ற விஆர் நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கியது. 2021-இல் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. ஆனால் 2024-இல் மட்டும் அதன் விஆர், ஏஆர் பிரிவான ரியாலிட்டி லேப்ஸுக்கு ஏறத்தாழ 1,770 கோடி டாலர் நட்டம். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் தன் ஏஆர் ஹெட்செட்டான ஹோலோலென்ஸ் 2-இன் தயாரிப்பை நிறுத்தியது. இவ்வளவு பணம் கொட்டியும் கூட்டம் வரவில்லையே, ஏன்?

பிக்சல்பிரியன்:
நட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் எப்படி அண்ணே? 2016-இல் ஆக்குலஸின் ரிஃப்ட் ஹெட்செட் 599 டாலர், அதோடு வலுவான கேமிங் கம்ப்யூட்டரும் வேண்டும். 2020-இல் அவர்களின் அடுத்த ஹெட்செட் குவெஸ்ட் 2 வந்தபோது 299 டாலர்தான், கம்ப்யூட்டரும் வேண்டாம், ஒயரும் வேண்டாம். அமெரிக்கக் கடைத்தொடர் வால்மார்ட் ஊழியர் பயிற்சிக்கென்று 2018-இல் 17,000 ஹெட்செட்டுகளைக் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. விலை இன்னும் இறங்கட்டும், வீடுகளுக்கும் வரும்.

வடகரையான்:
விலைதான் தடை என்றால் கூகுள் கார்ட்போர்டு ஜெயித்திருக்க வேண்டும். வெறும் அட்டைப்பெட்டி, உள்ளே இரண்டு லென்ஸ், நம் போனையே திரையாகச் செருகலாம். ஒன்றரைக் கோடிக்கு மேல் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. கூகுள் 2021-இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. கையில் கிடைத்தும் மக்கள் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

கண்மணி:
நான் கண் பரிசோதனைத் துறையில் இருப்பவள். விலையை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது கண்தான். பக்கத்தில் இருக்கும் பொருளைப் பார்க்கும்போது இரண்டு விழிகளும் உள்நோக்கித் திரும்பும். கூடவே விழிக்குள் இருக்கும் லென்ஸ் தடித்து அந்தத் தூரத்துக்குக் குவியும். இரண்டும் எப்போதும் சேர்ந்தே நடப்பவை. இப்போது கடையில் கிடைக்கும் ஹெட்செட்டுகளில் குவியத் தூரம் மாறாது, அநேகமாக ஒன்றிரண்டு மீட்டரிலேயே நிற்கும். மூக்குக்கு முன்னால் ஒரு பட்டாம்பூச்சி வந்தால் விழிகள் உள்ளே திரும்பும், லென்ஸோ அந்தத் தூரத்திலேயே குவிந்திருக்க வேண்டும். கண் களைத்துப்போகும், பலருக்குத் தலைவலியும் வரும். தலைசுற்றலுக்குக் காரணம் வேறு: நாம் ஓடுவதாகக் கண் சொல்கிறது, உள்காது இல்லை என்கிறது. பிக்சலை எவ்வளவு கூட்டினாலும் இந்த இரண்டும் தீராது.

பிக்சல்பிரியன்:
குவியத்தை மாற்றும் சோதனை ஹெட்செட்டுகளை மெட்டா 2018-இலேயே காட்டிவிட்டது. அது கடைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ரேபான் மெட்டா கண்ணாடி 2023 அக்டோபரில் வந்தது, 2025 தொடக்கத்துக்குள் 20 லட்சம் விற்றிருந்தது. எடை 50 கிராம் போல. 3,499 டாலர் ஆப்பிள் விஷன் ப்ரோ ஹெட்செட் 600 கிராமுக்கு மேல்! நாள் முழுக்க முகத்தில் இருக்கப்போவது எது?

வடகரையான்:
அந்தக் கண்ணாடியில் திரையே கிடையாதே தம்பி. கேமரா, மைக், ஸ்பீக்கர் அவ்வளவுதான். அதை ஏஆர் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. போதாததற்கு அந்தக் கேமரா எதிரில் நிற்பவரை அவருக்கே தெரியாமல் படம் பிடிக்கலாம். முன்பு வந்த கேமராக் கண்ணாடியான கூகுள் கிளாஸை மக்கள் வெறுத்ததும் இதனால்தான்.

பிக்சல்பிரியன்:
2025-இல் திரையோடும் வந்துவிட்டது, 799 டாலர். வலது கண்ணுக்கு மட்டும் சின்னத் திரை. ஒரு கண்தான் பார்க்கிறது என்பதால் விழி திரும்புவதும் லென்ஸ் குவிவதும் ஒத்துப்போகாது என்று கண்மணி அக்கா சொன்ன முரணும் அதில் எழாது. வழி காட்டவும், எதிரில் பேசுபவரின் சொற்களை எழுத்தாகக் காட்டவும் அது போதும். காது கேளாத ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

கண்மணி:
சரி, அந்த முரண் எழாது. ஆனால் ஒரு கண்ணில் எழுத்தும் மறு கண்ணில் தெருவும் தெரிந்தால், மூளை சில நேரம் ஒன்றை அமுக்கிவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்து பேசும்போது இதனால் கெடுதல் இல்லை. வண்டி ஓட்டும்போது இதைப் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.