ஷெங்ஹுவா கஷாயம்: நிறுத்தவா?

கேள்வி: சீனாவில், குவாங்சோவில் இருக்கிறேன். குழந்தை பிறந்து 9 நாள். பக்கத்து வீட்டு அம்மா கருகருவென்று ஒரு கஷாயம் வைத்துத் தருகிறார், பெயர் ஷெங்ஹுவா தாங். குடித்த மறுநாளே உதிரப்போக்கு கூடிவிட்டது. நிறுத்தவா?

பதில்: உடனே நிறுத்துங்கள். டாங்குய் வேர், சுவான்சியோங் என்ற சீன மூலிகைகள், பீச் கொட்டைப் பருப்பு, கருக வறுத்த இஞ்சி, அதிமதுரம் சேர்ந்தது அது. தேங்கிய ரத்தத்தை வெளியேற்றத்தான் தருவார்கள். ஏற்கெனவே அதிகம் போகிறவருக்கு எதற்கு? ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாங்குய் பக்கமே போகாதீர்கள்.

பதில்: நான் 30 நாளும் யுவேசி, அதாவது பிள்ளை பெற்றவள் வீட்டோடு ஓய்வெடுக்கும் சீன வழக்கப்படி இருந்தேன். தலைக்குக் குளிக்க விடவில்லை, கொடுமை! ஆனால் கருப்பு வினிகரில் இஞ்சி, முட்டை, பன்றிக்கால் போட்டுக் கொதிக்கவைத்துத் தந்தார்களே, அது இன்னும் நாக்கில் நிற்கிறது.

கேட்டவர்: டாக்டரும் நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்புறம், இன்று காலையும் அந்த அம்மா கிண்ணத்தோடு வந்து நின்றார்.