புதுப்பிப்பு: பழைய லாரி நாக்பூர் போய் வந்தாச்சு

20 வருடப் பழைய ஆறு சக்கர லாரியை மே வெயிலில் நாமக்கல்லிலிருந்து நாக்பூர் வரை ஓட்ட என்னென்ன ஸ்பேர் வைத்துக்கொள்வது என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் (தண்ணீர் போகும் ரப்பர் குழாய்), அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், டீசல் ஃபில்டர், ஃபியூஸ், 20 லிட்டர் தண்ணீர் கேன் என்று நீங்கள் சொன்னதெல்லாம் ஏற்றிக்கொண்டேன். டயருக்கடியில் வைத்த எலுமிச்சம்பழம் அம்மா கணக்கு.

ஆதிலாபாத் தாண்டியதும் சார்ஜ் விளக்கு எரிந்தது, பின்னாலேயே ஹீட் முள்ளும் ஏறியது. பெல்ட் அறுந்திருந்தது. என் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவும், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை ஓடவைக்கும் வாட்டர் பம்பும் ஒரே பெல்ட்டில்தான் சுற்றும். உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். புது பெல்ட் மாட்ட அரை மணி நேரம், அவ்வளவுதான்.

திரும்பும்போது கர்னூல் பக்கம் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் வெடித்துவிட்டது. ஸ்பேரை எடுத்தால் வளைவே வேறு! கடையில் கொடுத்ததைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டியில் போட்டது என் தப்பு. ரேடியேட்டர் ஆறும்வரை புளியமர நிழலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். அப்புறம் வெடித்த நுனியை இரண்டு விரல் அளவு வெட்டி, மிச்ச ஹோஸை இழுத்து மாட்டி, புது கிளாம்ப் போட்டு முடுக்கி, கேன் தண்ணீரை ஊற்றி ஊர் வந்து சேர்ந்தேன்.

காற்று காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் பார்த்தேன். மதியச் சூட்டில் அழுத்தம் ஏறுவது வழக்கம்தான் என்பதால், கூடுதலாகக் காட்டினாலும் காற்றை இறக்கவில்லை.

நேற்று பழைய ஹோஸைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்துப் பார்த்து இரண்டு வாங்கிவிட்டேன். அடுத்து சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) கிரீஸ் மாற்ற வேண்டும்.