மிசூரி வேலி அணியின் அடுத்த சீசன் அட்டவணை: கடினமா, சுலபமா, எப்படிப் பார்ப்பது?

அரைக்கோடு:
அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பார்ப்பவர்கள் உதவுங்கள். நான் ஆதரிப்பது மிசூரி வேலி கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) அணி ஒன்றை. அட்டவணை வந்துவிட்டது. கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் போக, பிக் டென் என்ற பெரிய கான்ஃபரன்ஸ் அணிகளின் ஊருக்கே போய் இரண்டு ஆட்டம், நவம்பரில் பொது அரங்கில் (இரு அணிக்கும் சொந்த ஊர் இல்லாத இடத்தில்) மூன்று, மற்றதெல்லாம் சொந்த ஊரில் சின்ன அணிகளோடு, அதில் ஒன்று கல்லூரிக் கூடைப்பந்தின் மேல்நிலையான முதல் டிவிஷனிலேயே இல்லாத கல்லூரி. எதிரணிகள் போன வருடம் தரவரிசையில் பிடித்த இடங்களைக் கூட்டிச் சராசரி பார்த்தேன், 150க்குப் பக்கத்தில் வருகிறது. இது போதுமா? 2024இல் இண்டியானா ஸ்டேட் 28 வெற்றி 6 தோல்வியோடு, நெட் பட்டியலில் (தேர்வுக் குழு பார்க்கும் அதிகாரபூர்வத் தரவரிசை) 29ஆவது இடத்தில் இருந்தும் மார்ச் மாதத் தேசியத் தொடருக்கான 68 அணிகளில் ஒன்றாக வரவில்லை. எங்களுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பின்வரிசை:
முதலில் அந்தச் சராசரியை விட்டுவிடுங்கள். 5ஆவது இடத்து அணியோடு ஒன்று, 300ஆவது இடத்து அணியோடு ஒன்று ஆடினாலும் சராசரி 150க்குப் பக்கம்தான், 150ஆவது இடத்து அணிகளோடு இரண்டு ஆடினாலும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் 40, 50ஆவது இடத்தில் இருக்கும் அணிக்கு முதல் ஜோடியில் ஒரு தோல்வி கிட்டத்தட்ட நிச்சயம், இரண்டாவது ஜோடியில் இரண்டையும் வெல்ல நல்ல வாய்ப்பு உண்டு. 300ஆவது இடத்து அணிக்கோ முதல் ஜோடிதான் லாபம், ஏனென்றால் ஒன்றையாவது சரிபாதி வாய்ப்போடு ஆடலாம். அதனால் "இந்த அட்டவணை கடினமா" என்பதற்கு யாருக்கு என்று சொல்லாமல் பதில் கிடையாது.

உங்கள் அணி தேர்வு வாசலில் நிற்கும் அணி என்றால், அப்படிப்பட்ட ஒரு அணி இதே அட்டவணையில் எத்தனை வெல்லும் என்று ஆட்டம் ஆட்டமாகப் போட்டுப் பாருங்கள். 2024-25 சீசனிலிருந்து தேர்வுக் குழுவின் தாளில் டபிள்யூஏபி (வாசலில் நிற்கும் அணி வெல்லக்கூடியதைவிட எத்தனை வெற்றி அதிகம்) என்று ஒரு எண் வருகிறதே, அது இந்தக் கணக்குதான்.

ரீபவுண்டு ராசா:
எங்கே ஆடுகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் நண்பரே. சொந்த அரங்குக்கு சுமார் 3 புள்ளி அனுகூலம் என்று வைத்தால், அதே எதிரணியை வீட்டில் சந்திப்பதற்கும் அவர்கள் ஊரில் சந்திப்பதற்கும் 6 புள்ளி வித்தியாசம். குவாட் 1 (ஆட்டங்களை நான்கு தரமாகப் பிரித்ததில் மிகக் கடினமானது) கணக்கும் இதை வைத்துத்தான். சொந்த ஊரில் என்றால் நெட்டில் முதல் 30 அணிகள், பொது அரங்கில் 50, வெளியூரில் 75 வரை. ஆக, 70ஆவது இடத்து அணியை அதன் ஊரில் வென்றால் அது குவாட் 1 வெற்றி, உங்கள் ஊரில் வென்றால் குவாட் 2.

இண்டியானா ஸ்டேட்டுக்கு இடித்தது இங்கேதான். சின்ன அணிகளைப் பெரிய வித்தியாசத்தில் அடித்ததில் நெட் ஏறியது, குவாட் 1இல் காட்ட ஒரே ஒரு வெற்றி. செயின்ட் லூயிஸில் நடந்த கான்ஃபரன்ஸ் இறுதியில் டிரேக்கிடம் 84-80 என்று தோற்றதும் கதை முடிந்தது. நெட் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

முதல் டிவிஷனில் இல்லாத அந்தக் கல்லூரியோடு ஆடும் ஆட்டம் பற்றிக் கவலை வேண்டாம், நெட் கணக்கில் அது சேராது.

அரைக்கோடு:
அப்படியென்றால் எதிரணிகளின் போன வருட இடத்தை வைத்துக் கணக்குப் போடலாம்தானே? வேறு என்ன இருக்கிறது?

பின்வரிசை:
போன வருட இடம் இப்போது பாதிக்கு மேல் பொய். அதே இண்டியானா ஸ்டேட்டைப் பாருங்கள், 2024 வசந்தத்தில் பயிற்சியாளர் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார், முக்கிய ஆட்டக்காரர் ராபி அவிலாவும் கூடவே போய்விட்டார். 29ஆவது இடத்து அணி என்று நம்பி அவர்களை அட்டவணையில் போட்டவர்களுக்கு வந்து சேர்ந்தது வேறு அணி. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் பதியும் இடம்) திறந்து மூடிய பிறகு யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மதிப்பிட வேண்டும். அக்டோபரில் கென்பாம் என்ற தரவரிசைத் தளத்தின் சீசன் முன்கணிப்பு வரும், அதை எடுங்கள். நெட் டிசம்பர் ஆரம்பத்தில்தான் முதல்முறை வெளிவரும்.

வெளியூர் பஸ்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பயிற்சியாளர் நல்ல அட்டவணை போடவில்லை என்று திட்டுவதற்கு முன்னால், அவருக்கு எது கிடைத்தது என்று பார்க்க வேண்டும். பெரிய கல்லூரிகள் காசு கொடுத்துத் தங்கள் ஊருக்குக் கூப்பிடும், பதிலுக்கு நம் ஊருக்கு வராது. நாம் நன்றாக ஆட ஆரம்பித்தால் அந்த அழைப்பும் நின்றுபோகும், தங்கள் ஊரிலேயே நம்மிடம் தோற்றால் அவர்களுக்குத்தான் நஷ்டம். கொன்சாகா பல்கலைக்கழகம் மாதிரி 1999லிருந்து நடந்த ஒவ்வொரு மார்ச் தேசியத் தொடரிலும் ஆடியிருந்தால்தான் எதிரணிகள் தேடி வரும்.

அதனால்தான் அந்த மூன்று பொது அரங்கு ஆட்டங்கள் தங்கம். மான்மத் என்ற சின்னக் கல்லூரி அணி 2015-16இல் யுசிஎல்ஏ, நோட்ர டாம், யுஎஸ்சி, ஜார்ஜ்டவுன் நான்கையும் வெளியில் போய்த்தான் வென்றது. ஆனாலும் தேர்வுக் குழு அவர்களை எடுக்கவில்லை, 200க்குக் கீழே இருந்த அணிகளிடம் மூன்று முறை தோற்றதே காரணமாகச் சொல்லப்பட்டது. எனவே உங்கள் பட்டியலில் பிக் டென் ஆட்டங்களுக்கு அடுத்து, ஜனவரியில் கான்ஃபரன்ஸின் அடிமட்ட அணிகளின் ஊரில் ஆடும் ஆட்டங்களைச் சிவப்பில் குறியுங்கள். வென்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள், தோற்றால் மார்ச் வரை அது துரத்தும்.

அரைக்கோடு:
சரி, புரிந்தது. கென்பாம் வந்ததும் ஆட்டவாரியாகப் போட்டு இங்கேயே பதிகிறேன். நவம்பரின் அந்த மூன்று பொது அரங்கு ஆட்டங்களில் இரண்டையாவது வெல்ல வேண்டும் போலிருக்கிறது.