கிரேட் காளியை நம்பி ஜலந்தருக்குப் போகலாமா?

அரூர் கபடிக்காரன்
எங்கள் அணியில் ஒரு பையன் இருக்கிறான். இருபது வயது, ஆறடி நாலு அங்குலம், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. படிப்பை விட்டுவிட்டு, கிரேட் காளி 2015-இல் ஜலந்தரில் தொடங்கிய மல்யுத்தப் பள்ளியில் சேரப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அவன் அப்பா என்னிடம் வந்து, "நீங்க சொன்னா கேப்பான், ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். என்ன சொல்வது?

எனக்குக் காளியைப் பிடிக்கும். தலீப் சிங் ராணா என்ற பெயரில் இமாச்சலத்தின் சிர்மௌர் மாவட்டத்தில் ஒரு மலைக் கிராமத்தில், ஏழு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். கூலி வேலை செய்தார், சிம்லாவில் காவலாளியாக நின்றார், அங்கே ஒரு போலீஸ் அதிகாரியின் கண்ணில் பட்டு 1993-இல் பஞ்சாப் காவல்துறைக்குப் போனார். 2006-இல் அதே மனிதர் அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஇ (WWE) மல்யுத்த மேடையில், அதன் பெரிய நட்சத்திரம் அண்டர்டேக்கருக்கு எதிரே நின்றார். இதைப் பார்த்து ஓர் ஏழை வீட்டுப் பையன் ஆசைப்படுவதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஆனால் பின்பற்றத் தகுந்த வீரரா அவர்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரம் வாத்தியார்
தம்பி, நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒளிக்காமல் சொல்கிறேன். காளி வீரர் அல்ல, உயரத்தைக் காட்டிப் பிழைத்தவர். நின்ற இடத்தில் நின்று தலையில் ஓர் அடி, மண்டையை இரு கையால் ஒரு பிடி, அவ்வளவுதான் அவருடைய வித்தை.

வீரர் என்றால் தாரா சிங். 1954-இல் இந்தியாவின் மல்யுத்தச் சாம்பியன் என்ற ருஸ்தம்-இ-ஹிந்த் பட்டம். 1959-இல் கல்கத்தாவில் கனடாக்காரர் கோர்டியன்கோவை வென்று காமன்வெல்த் பட்டம். 1968-இல் பம்பாயில் அமெரிக்காவின் பெரிய மல்லர் லூ தெஸ்ஸையே வென்றார். மண் குழியில் வருடக்கணக்கில் புரண்டு கற்ற உடம்பு அது. நம் பக்கத்தில் இன்றும் எவனாவது தோளை விரித்து நடந்தால், "பெரிய தாராசிங்குன்னு நினைப்பு" என்கிறார்கள். காளியை வைத்து அப்படி யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

பாலக்கோடு ரசிகன்
ஐயா, தாரா சிங் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவர் ஆடியதும் தொழில்முறை மல்யுத்தம்தான். யார் ஜெயிப்பது என்று பேசி வைத்து ஆடும் வழக்கம் அந்தத் தொழிலில் அன்றைக்கே இருந்தது. அவருக்கு ஒரு தராசு, காளிக்கு ஒரு தராசா?

நம் ஊர் பாரதக் கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் போரில் பீமன் ஜெயிப்பான் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்? படுகளத்தில் துரியோதனன் தொடையை அடிக்கும்போது ஊரே எழுந்து நிற்கிறதே. முடிவு தெரிந்தாலும் அந்த நேரத்தில் கூட்டத்தை நம்ப வைக்கிறானே, அதுதான் தொழில். 2006 மே மாதம் ஜட்ஜ்மென்ட் டே நிகழ்ச்சியில் அண்டர்டேக்கரைக் கீழே சாய்த்து, மார்பில் ஒரு காலை வைத்து மூன்று எண்ண வைத்தார் காளி. டென் ஸ்போர்ட்ஸ் சேனலில் அதைப் பார்த்த என் வயதுப் பையன்கள் எல்லோருக்கும் அது நினைவிருக்கும். பெட்டிக்கடையில் வாங்கிய மல்யுத்தச் சீட்டுகளில் காளி சீட்டு வைத்திருந்தவனுக்குத் தெருவில் தனி மவுசு. சீட்டு விளையாட்டில் உயரத்தை ஒப்பிட்டால் அவன்தான் ஜெயிப்பான்.

2007 ஜூலையில் பட்டம் வைத்திருந்த எட்ஜ் என்ற வீரர் காயம்பட்டு அதை விட்டபோது, இருபது பேர் மோதிய ஆட்டத்தில் கடைசியாகக் கேன், பாடிஸ்டா என்ற இரண்டு வீரர்களையும் ஒன்றாக வெளியே தள்ளி உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார். இந்தியாவில் பிறந்த ஒருவர் டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தில் உலகப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை.

பென்னாகரம் வாத்தியார்
கூத்தை நீ எடுத்தது நல்லது. பீமன் வேஷம் கட்டுபவன் ராத்திரி முழுக்கப் பாடி, அடவு போட்டு, குரல் கட்டிப் போனவன். காளி பீமன் இல்லை தம்பி. படுகளத்தில் மண்ணால் செய்து படுக்க வைத்திருக்கிறார்களே, அந்தத் துரியோதனன். பெரியது, பார்க்கப் பயமானது, ஆனால் ஆடுவது மற்றவர்கள். அந்தப் பட்டமும் இரண்டே மாதம்தான். செப்டம்பரில் பாடிஸ்டா வாங்கிக்கொண்டார்.

ஒசூர் பிசியோ
நான் முதுகு, மூட்டு வலிக்காரர்களோடு வேலை பார்க்கிறவள். வாத்தியார் ஐயா சொன்ன ஒன்றைக் கடந்து போக முடியவில்லை. நின்ற இடத்தில் நின்றார் என்கிறீர்களே, ஏன் நின்றார் என்று கேட்க வேண்டாமா?

காளிக்கு இருந்தது அக்ரோமெகலி. மூளையின் அடியில் பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதில் கட்டி வந்தால் வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும். எலும்பு வளரும் வயதிலேயே வந்துவிட்டால் ஆள் ஏழடிக்குப் போவார். அதற்கப்புறமும் கை, பாதம், தாடை தடித்துக்கொண்டே போகும். முழங்காலில் குருத்தெலும்பு முதலில் தடிக்கும், பிறகு பிளந்து தேயும். அந்த மூட்டில் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் ஏற்றி வாரத்துக்குப் பல ஊர்களில் விழுந்து எழ வேண்டும் என்றால் யோசித்துப் பாருங்கள். 2012 ஜூலையில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் அந்தக் கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். அதற்கப்புறமும் 2014 வரை அதே மல்யுத்த மேடையில் ஆடினார்.

இதே நோயோடு மேடையேறிய மல்யுத்த வீரர் ஆந்த்ரே த ஜயன்ட் 1993-இல் 46 வயதில் இறந்துபோனார். காளி சிகிச்சை எடுத்துக்கொண்டார், தொழிலையும் தொடர்ந்தார். அந்த நடையைக் கேலி செய்யும் வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். வலியோடு நடக்கும் மனிதரைப் பார்த்து எப்படிச் சிரிக்க முடிகிறது?

ஆனால் அரூர் அண்ணா, அந்தப் பையன் விஷயத்தில் நான் வாத்தியார் பக்கம். காளியை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது லட்சத்தில் ஒருவருக்கும் வராத உடல்வாகு. ஆறடி நாலு அங்குலம் நம் பக்கத்தில் பெரிய உயரம்தான், அந்த மேடையில் சாதாரணம். காளியின் பாதை காளிக்கு மட்டும்தான் திறந்தது.

பர்கூர் மாங்கொட்டை
எனக்கு வேறொரு மனக்குறை. திறமையை விடுங்கள், அவருக்குக் கொடுத்த வேஷத்தைப் பாருங்கள். முதலில் பேசத் தெரியாமல் உறுமுகிற ராட்சசன், பக்கத்தில் ஆங்கிலம் பேச ஓர் ஆள். இமாச்சலத்துக்காரர் பெயரைச் சொல்லி மூங்கிலில் ஒரு கூண்டு கட்டி அதற்குப் 'பஞ்சாபி சிறை' என்று பெயர். அந்தக் கூண்டின் முதல் ஆட்டத்தில், 2006-இல், ஈரல் பரிசோதனை சரியில்லை என்று அவரையே இறக்கவில்லை, அவருக்குப் பதில் பிக் ஷோ என்ற வேறொரு வீரர் ஆடினார். 2008 வாக்கில் கூட்டத்திலிருந்து பெண்களை அழைத்து முத்தம் கொடுக்கும் 'கிஸ் கேம்'. ராட்சசன், அப்புறம் கோமாளி. இந்தியன் என்றால் அவர்களுக்கு இந்த இரண்டுதான் தெரிந்ததா? இதைப் பெருமை என்று என்னால் கொண்டாட முடியவில்லை.

பாலக்கோடு ரசிகன்
வேஷத்தை எழுதியவர்கள் அமெரிக்காவில் உட்கார்ந்திருந்தவர்கள், நண்பரே. அதற்குக் காளியைக் குறை சொல்வது சரியில்லை. கொடுத்த வேஷத்தில் எட்டு வருடம் தாக்குப்பிடித்தார், சம்பாதித்த பேரை வைத்து ஊருக்குத் திரும்பிப் பள்ளி தொடங்கினார். அங்கே படித்த ஹரியானாவின் கவிதா தேவி 2017-இல் அதே அமெரிக்க மேடையில் சல்வார் கமீஸோடு இறங்கினார். அங்கே ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்புறம் தில்ஷேர் ஷாங்கி என்ற வீரரும் அந்தப் பள்ளியிலிருந்துதான் போனார். 2021-இல் காளிக்கு டபிள்யூடபிள்யூஇ-யின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் கொடுத்தார்கள். மண் பொம்மை இதையெல்லாம் செய்யுமா?

பென்னாகரம் வாத்தியார்
கவிதாவை நீ சொன்னதால் சொல்கிறேன். அவர் 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பளுதூக்குதலில் தங்கம் வாங்கியவர். கையில் ஒரு விளையாட்டை முழுசாக வைத்துக்கொண்டு ஜலந்தருக்குப் போனார். நம் பையனிடம் கபடி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. மாநில அளவில் ஆடிக் காட்டட்டும், டிகிரியை முடிக்கட்டும். அதற்கப்புறம் போனால் நான் தடுக்க மாட்டேன்.

ஒசூர் அம்மா சொன்ன நோயின் விஷயம் வேறு. அதைக் கேலி செய்பவர்கள் பக்கம் நான் இல்லை. ஆனால் வலியைத் தாங்கினார் என்பதற்காக ஆட்டம் நன்றாக இருந்தது என்று ஆகிவிடாது.

பர்கூர் மாங்கொட்டை
பயிற்சிப் பள்ளி எதுவானாலும் ஒன்றைக் கவனியுங்கள். 2001-இல் கலிபோர்னியாவில் காளி பயிற்சி எடுத்த இடத்தில், அவர் ஒரு பிடியில் தூக்கிப் போட்ட சக மாணவர் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்கு அதற்கு முன்பே தலையில் அடிபட்டிருந்தது. தவறு பள்ளியுடையது என்று 2005-இல் நடுவர் குழு முடிவு செய்து, 13 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. முடிவு பேசி வைத்த ஆட்டம்தான், ஆனால் பலகையில் விழும் தலை நிஜத் தலை.

ஒசூர் பிசியோ
இதைத்தான் நானும் கேட்கச் சொல்வேன். தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு கொடுக்கிறார்கள், பயிற்சி நேரத்தில் மருத்துவர் இருக்கிறாரா, காப்பீடு யார் பெயரில், செலவு யாருடையது. அந்தப் பையனுக்குக் கபடியில் முழங்கால் பிசகியிருந்தால் கிளம்பும் முன் ஒரு எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள்.

அரூர் கபடிக்காரன்
எல்லோருக்கும் நன்றி. போன வருடம் ரெய்டு போகும்போது அவனுக்கு இடது முழங்கால் பிசகியது உண்மைதான் அக்கா. தருமபுரிக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறேன். மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடியும்வரை பொறு, அதற்குள் பள்ளியில் விசாரிக்க வேண்டியதை நானே விசாரிக்கிறேன் என்று சொல்லப் போகிறேன். கேட்பானா தெரியாது. வாத்தியார் ஐயா, ஒரு நாள் நேரம் ஒதுக்கினால் அவனைப் பென்னாகரத்துக்கு அழைத்து வருகிறேன்.

பென்னாகரம் வாத்தியார்
கூட்டி வா. காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருப்பேன். பாலக்கோட்டுத் தம்பியும் வரட்டும், தாரா சிங் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

பாலக்கோடு ரசிகன்
வருகிறேன் ஐயா. காளி பற்றியும் பேசுவோம்.