உறைந்துபோகும் ஆய்வகக் கணினிகள்: உதவி தேவை

நெல்லையில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். 30 கணினிகள், உபுண்டு 22.04 லினக்ஸ், 8 ஜிபி ரேம். மாணவர்களின் கோப்புகள் என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகச் சர்வரில் இருக்கின்றன. இரண்டு வாரமாகத் தினமும் நாலைந்து கணினிகள் பூட்டுத் திரையிலேயே உறைந்துவிடுகின்றன: கடிகாரம் நின்றுவிடுகிறது, மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது.

எழுத்துமுகத் திரைக்கு மாற கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினால் வெறும் கறுப்புத் திரை. வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) மூலம் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்துடன், நுழைய முடிகிறது. ஆனால் கில் -9 (வலுக்கட்டாயமாக நிறுத்தும் கட்டளை) கொடுத்தும் மாணவரின் புராசஸ்கள் (இயங்கும் நிரல்கள்) போகாமல், டிஸ்க் அல்லது நெட்வொர்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கும் 'டி' நிலையிலேயே கிடக்கின்றன. நெட்வொர்க் கேபிள்களையும் ஸ்விட்சையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். ஆல்ட்-சிஸ்ஆர்க்யூவுடன் (கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் விசைகள்) எஸ், யு, பி அழுத்தினால் மறுதொடக்கம் ஆகிறது. நேற்று அப்படிச் செய்ததில் ஒரு மாணவி சேமிக்காமல் வைத்திருந்த இரண்டு மணி நேர நிரல் போய்விட்டது. அழுதுகொண்டே போனாள், எனக்கு மனமே ஆறவில்லை.

மறுதொடக்கம் செய்யாமல், திறந்திருக்கும் வேலையை இழக்காமல், இந்தக் கணினிகளை மீட்க வழி உண்டா?