விளையாட்டு நிர்வாகமும் தேர்தல் பகுப்பாய்வும்: முதன்மை உரைக்கு எப்படிப்பட்டவரை அழைப்பது?

வவுனியா, கழகச் செயலாளர்:
வணக்கம். எங்கள் விளையாட்டுக் கழகங்களின் ஒன்றியம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தோடு சேர்த்து ஒருநாள் கருத்தரங்கு ஒன்றையும் நடத்தவிருக்கிறது. காலையில் விளையாட்டைத் தொழிலாக நடத்துவதற்கான தலைமைத்துவம் பற்றி ஓர் உரை. உறுப்பினர்களில் பலர் தேர்தல் கடமைக்குச் செல்லும் ஆசிரியர்கள் என்பதால், மாலையில் தேர்தல் முடிவுகளைப் பகுத்தறிவது பற்றி இன்னோர் உரை. கடந்த முறை வந்த பேச்சாளர் ஒரு மணி நேரம் தன்னம்பிக்கை பற்றியே பேசினார். பாதியிலேயே பிள்ளைகள் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். கடைசிவரை இருந்த பொருளாளரின் கொப்பியில் திகதி மட்டுமே எழுதப்பட்டிருந்தது. இம்முறை எதைப் பார்த்துத் தெரிவு செய்யலாம்?

முல்லைத்தீவிலிருந்து:
தம்பி, பேச்சாளரின் புகழைப் பார்க்காதீர்கள், அவர் எதைச் சொல்லத் துணிகிறார் என்று பாருங்கள். 2011 யூலை 4 அன்று லண்டனின் லோர்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் கௌட்ரி நினைவுரை ஆற்றிய குமார் சங்கக்கார, அப்போதும் இலங்கைத் தேசிய அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். அப்படியிருந்தும், 1996 உலகக் கிண்ணத்துக்குப் பின் இலங்கைக் கிரிக்கெட் நிர்வாகம் சீரழிந்ததை அந்த மேடையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். அத்தகைய உரைதான் கழகம் நடத்துபவருக்குப் பயன்படும்.

வருபவரிடம் நம் பக்கத்துக் கேள்வி ஒன்றையும் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். இலங்கையின் இருபது ஓவர் கிரிக்கெட் தொடரான லங்கா பிரீமியர் லீக்கில் 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கிண்ணம் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணிக்கே கிடைத்தது. ஆனால் அந்தத் தொடர்களின் ஒரு போட்டிகூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. மைதானம், ஒளிபரப்பு, அனுசரணை ஆகியவை ஒன்றையொன்று எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதை இந்த ஒன்றை வைத்தே அவர் விளக்கலாம். விளக்க முடியாதவரை அழைத்துப் பயனில்லை.

மன்னாரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மாலை உரைக்கு நம் மாவட்டத்தையே பாடமாக வைக்கலாம். 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் வன்னியின் 6 ஆசனங்களில் 2 தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தன. அது பெற்றதோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாக்குகள்தான். மற்ற நான்கும் நான்கு கட்சிகளுக்கு ஒவ்வொன்றாகப் பிரிந்தன. முதலிடம் பெறும் கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று, 5 வீதத்துக்குக் குறைந்தவர்கள் நீக்கம், மற்ற ஆசனங்கள் வாக்கு விகிதப்படி பகிர்வு, அப்படியும் நிரம்பாத ஆசனங்கள் எஞ்சிய வாக்குகள் அதிகமுள்ள கட்சிகளுக்கு என்ற வரிசையைக் கரும்பலகையில் கணக்காகவே செய்துகாட்டக் கூடியவரை அழையுங்கள். வாக்குகள் சிதறியதால் வந்த விளைவை அந்தக் கணக்குத்தான் காட்டும். நான் பல தேர்தல்களில் கடமை செய்தவன். எண்ணும் மண்டபத்தில் நின்றவர்களுக்கே இந்த இறுதிப் படி பெரும்பாலும் தெரியாது என்பது எனக்கு வேதனை.

கிளிநொச்சியிலிருந்து:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் வன்னியில் வாழ்ந்தாலும் எங்கள் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில்தான் எண்ணப்படுகிறது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டுமே. இந்த வேறுபாட்டை அறியாத பேச்சாளர் முதல் ஐந்து நிமிடத்திலேயே தவறுவார்.

இரண்டு தலைப்பையும் இணைக்க ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கரான நேற் சில்வர் முதலில் பேஸ்போல் வீரர்களின் ஆட்டத்தைக் கணித்தவர். பிறகு 2008 ஜனாதிபதித் தேர்தலில் 50 மாநிலங்களில் 49 இன் முடிவைச் சரியாகச் சொன்னார். 2016 இல் டிரம்ப் வெல்லும் வாய்ப்பை 30 வீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கணித்தார், டிரம்ப் வென்றார். வாய்ப்புக் குறைவு என்றால் நடக்காது என்பதல்ல என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

வவுனியா, கழகச் செயலாளர்:
எல்லோருக்கும் நன்றி. யாழ்ப்பாண அணி பற்றிய கேள்வியையும் ஆசனக் கணக்கையும் அழைப்புக் கடிதத்திலேயே சேர்க்கிறோம். ஒவ்வொரு உரையையும் 30 நிமிடமாகக் குறைத்து, கேள்விகளுக்கு 40 நிமிடம் ஒதுக்குகிறோம். ஐயா, கரும்பலகைக் கணக்குக்கு நீங்களே வர முடியுமா?