விக்சனரிக்கு இலக்கிய மேற்கோள் தேவையா?

தேக்கா வாசகன்:
இணைய அகராதியான விக்சனரியில் சொல்லுக்குப் பொருள் எழுதினால் போதுமா, இலக்கிய வரியும் சேர்க்க வேண்டுமா என்று வாசகர் வட்டத்தில் தொடங்கிய பேச்சு பாதியில் நின்றுவிட்டது. இங்கே தொடர்வோம். கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. 'கண்ணோட்டம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் கோணம் என்றுதான் இன்று எழுதுகிறோம். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்கு அதுவே பெயர். அங்கே பொருள் இரக்கம், தாட்சணியம். "கண்ணோட்டம் இல்லவர் கண்ணிலர்" என்ற 577ஆம் குறளைக் காட்டாமல் 'இரக்கம்' என்று மட்டும் போட்டால், யாரோ தவறாக எழுதிவிட்டார்கள் என்று அடுத்தவர் வந்து அழித்துவிடுவார்.

ஈசூன் ஆசிரியை:
தம்பி, அகராதியைத் திறப்பது யார் என்று பாருங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் பலர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். கட்டுரை எழுதும்போது கைப்பேசியில் ஒரு சொல்லைத் தேடுகிறார்கள். கீழே புறநானூறும் கம்பராமாயணமும் சந்தி பிரிக்காமல் வரிசையாக நின்றால் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். தேடிய சொல்லை விட மேற்கோளில் உள்ள சொற்கள் கடினமாக இருந்தால் யாருக்கு என்ன பயன்? நடைமுறைத் தமிழில் ஒரு வாக்கியம் போதும்.

தேக்கா வாசகன்:
டீச்சர், நாமே கட்டிய வாக்கியம் எதற்கும் சான்றாகாது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அகராதி இது. நான் எழுதும் பொருளை நீங்கள் எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள்? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் பொருளுக்குப் பக்கத்திலேயே நூலின் சுருக்கப் பெயரும் பாடல் எண்ணும் இருக்கும். சந்தேகம் வந்தால் மூலத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

மெய்ப்புத் திருத்துபவர்:
மூலத்தைப் புரட்டுகிறவர்தான் குறைவு. பழைய அகராதியில் உள்ள மேற்கோளை அப்படியே ஒட்டுகிறார்கள். எழுத்துப்பிழையும் கூடவே வந்துவிடுகிறது. பாடல் எண்ணும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். எந்தப் பதிப்பு என்று சொல்லாத மேற்கோளை நான் சேர்க்க மாட்டேன். அப்புறம் காப்புரிமை. வள்ளுவருக்கும் 1921இல் மறைந்த பாரதிக்கும் தடையில்லை. மற்றபடி, எழுதியவர் மறைந்த பிறகு இந்தியாவில் 60 ஆண்டு, சிங்கப்பூரில் 70 ஆண்டு உரிமை தொடர்கிறது. ஆசிரியர் பெயரோடு ஓரிரு வரி எடுப்பது வேறு, பத்தி பத்தியாக ஏற்றுவது வேறு.

உட்லண்ட்ஸ்காரி:
எல்லாரும் பழைய நூல்களையே பேசுகிறீர்கள். நாம் காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்கிறோமே, காலை உணவு சாப்பிட்டாயிற்றா என்ற பொருளில்! அதற்குச் சங்கப் பாடலில் எங்கே சான்று தேடுவது? சிங்கப்பூர், மலேசியக் கதைகளில்தான் தேட வேண்டும். 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய இதழ்களை நம் தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்திருக்கிறது. நாளும் பக்கமும் குறித்து ஒரு வரி எடுத்துப் போட்டால், இது கொச்சை என்று யாரும் தள்ளிவிட முடியாது. நம் ஊர்த் தமிழுக்கு அகராதியில் இடம் கிடைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஈசூன் ஆசிரியை:
இது எனக்குச் சம்மதம். பிள்ளைகளுக்குப் புரியும், வீட்டில் கேட்ட சொல்லும்கூட. அப்படியானால் இன்றைய உரைநடை வரியே போதும் என்றுதானே ஆகிறது?

தேக்கா வாசகன்:
வழக்கில் உள்ள பொருளுக்குப் போதும். வழக்கொழிந்த பொருளுக்கு? "என் பாட்டிக்குக் கண்ணோட்டம் அதிகம்" என்று வாக்கியம் கட்டினால், பாட்டி எதையோ பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். அங்கே குறளைப் போன்ற பழைய வரிதான் ஆதாரம்.

ஈசூன் ஆசிரியை:
சரி, குறளையே போடுங்கள். ஆனால் சீர் பிரித்து எழுதி, அடியில் ஒரு வரி உரையும் சேருங்கள். அது இல்லாத பக்கத்தை என் வகுப்பில் காட்ட மாட்டேன்.